மூன்று நிமிட ஆங்கிலப் பேச்சுக்கு ஒரு பிள்ளையைத் தயார்ப்படுத்துவது எப்படி

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுத்து வரும் எனக்கு, கொரியப் பள்ளி மாணவர்களின் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக் காணொளிகள் நல்ல பாடமாக இருந்து வருகின்றன. வீட்டில் ஒரு மொழி, தெருவிலும் அதே மொழி, வகுப்பறையில் மட்டும் ஆங்கிலம் என்று நம் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தவர்கள்தான் அந்த மேடைகளில் ஏறுகிறார்கள். அங்கே 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. ஆயினும் கல்லூரியில் சேர்வதற்கான சுனுங் தேர்வில் ஆங்கிலத்திற்குரிய 45 கேள்விகளும் கேட்டோ படித்தோ விடையளிக்க வேண்டியவை. வாய் திறந்து பேச அதில் இடமில்லை. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் ஆங்கிலத்தை எழுதித்தான் மதிப்பெண் வாங்குகிறோம். ஆகவே ஒரு பிள்ளை மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் தொடர்ந்து பேச, ஓர் அரங்கமே அமைதியாக இருந்து கேட்கும் வாய்ப்பு, அங்கும் இங்கும் பெரும்பாலும் போட்டி மேடையில்தான் வாய்க்கிறது. அதை வெறும் ஒப்பித்தலாக வீணாக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

முதல் வேலை, பேச்சைப் பிள்ளையின் வாயிலிருந்தே எடுப்பது. கொரியாவில் ஹாக்வொன் எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்களில் பேச்சை எழுதி வாங்கி மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. இங்கே அந்த வேலையை அண்ணனோ டியூஷன் ஆசிரியரோ செய்துவிடுகிறார்கள். காசிமேட்டிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சுற்றுச்சூழலைப் பற்றி இணையத்தில் எடுத்த இரண்டு பக்கங்களை என்னிடம் நீட்டினாள். அவற்றில் பாதிச் சொற்களுக்கு அவளுக்குப் பொருள் தெரியவில்லை. தாளை மூடி வைத்துவிட்டு, அன்று காலை அவளுடைய அம்மா மீன் ஏலத்தில் என்ன செய்தார் என்று தமிழில் கேட்டேன். "விலை படியலைன்னா அம்மா சண்டை போட மாட்டாங்க மிஸ், கூடையைத் தூக்கிக்கிட்டு அடுத்த படகுக்குப் போயிடுவாங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல வைத்து, அதிலிருந்தே பேச்சைத் தொடங்கினோம். இலக்கணப் பிழையை நாம் திருத்தலாம், ஆனால் பிள்ளைக்குப் பொருள் தெரியாத ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கக் கூடாது.

நிதானமாகப் பேசினால் நிமிடத்திற்கு 110 சொற்கள் வரை வரும்; எனவே மூன்று நிமிடத்திற்கு 330 சொற்கள் போதும். நேரம் மீறினால் மதிப்பெண் குறைக்கும் போட்டிகள் பல என்பதால், 310 சொற்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது உச்சரிப்பு. இதில்தான் கொரியப் பிள்ளைகள் நமக்குக் கண்ணாடி போல் இருக்கிறார்கள். நாம் காப்பி என்கிறோம், அவர்கள் கொப்பி என்கிறார்கள்; ஃப் ஒலி இரு மொழிக்கும் இயல்பானது அன்று. பஸ் என்பதை நாம் பஸ்ஸு என்று உகரம் சேர்த்து முடிப்பது போலவே அவர்களும் பொஸு என்று முடிக்கிறார்கள். இப்படிச் சேரும் உகரம்தான் ஆங்கிலப் பேச்சின் ஓட்டத்தை மிகுதியாகக் கெடுக்கிறது. அண்டு, பட்டு, குட்டு என்று ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு மாத்திரை கூடிக்கொண்டே போனால், கேட்பவருக்கு வாக்கியம் துண்டு துண்டாகத்தான் விழும்.

இதற்கு மருந்து நம் புணர்ச்சி இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழ், அரசு என்னும் இரண்டும் தமிழரசு என்று சேர்வது போல, அண்ட் என்பதை அடுத்து வரும் ஐ என்பதோடு சேர்த்து அண்டை என்று ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். மெய்யின் மேல் உயிர் ஏறிக்கொள்ளும் இந்த வழக்கம் கொரிய மொழியிலும் உண்டு. பிள்ளைக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்றை ஆங்கிலத்திற்குக் கொண்டுபோகிறோம், அவ்வளவுதான். எழுதிய தாளில் இப்படிச் சேரும் இடங்களை எல்லாம் பென்சிலால் சிறு வளைவு போட்டு இணைத்துவிட்டால் வேலை எளிதாகும்.

ஃப் ஒலிக்குக் கைக்கண்ணாடி வேண்டும். மேல்வரிசைப் பல் கீழுதட்டைத் தொடுவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். மீன்காரர் மகளுக்கு ஃபிஷ் என்ற சொல் பிஷ் ஆகாமல் நிற்க நான்கு நாள் ஆயிற்று. பென் போன்ற சொற்களின் தொடக்கத்தில் வரும் ப் ஒலிக்கு வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைப் பிடியுங்கள். சொல்லும்போது காகிதம் துள்ள வேண்டும். இந்தக் காற்றோசைக்குக் கொரிய எழுத்தில் தனி வடிவம் உண்டு, நமக்கு இல்லாததால் கூடுதலாகப் பழக வேண்டியிருக்கிறது. சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதையும் அடிக்கோடிட்டுக் கொடுங்கள். டெவலப் என்பதில் முதல் அசையை அழுத்துவது நம் வழக்கம். அழுத்தம் இரண்டாம் அசைக்கு உரியது.

மேடைத் தோரணையில் ஓர் எச்சரிக்கை. கொரியாவில் உங்ப்யொன் என்ற சொற்பொழிவுப் போட்டிகள் ஒரு காலத்தில் பள்ளிதோறும் நடந்தன. முஷ்டியை உயர்த்தி, இந்தப் பேச்சாளர் உரக்க முழங்குகிறேன் என்று முடிப்பது அதன் மரபு. நம் மேடைத் தமிழுக்கும் அதே முழக்கம் உண்டு, அதன் அழகும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் நடுவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, எதிரில் இருப்பவரிடம் பேசுவது போன்ற குரலை. கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு மேல் பேசிப் பழகிய நம் பிள்ளைகளுக்குக் குரல்வளம் குறைவில்லை. மொட்டை மாடியில் ஒத்திகை பார்க்கும்போது, மாடியின் மறுகோடியில் நிற்கும் தோழிக்குக் கதை சொல்வதாக நினைத்துப் பேசச் சொன்னால் முழக்கம் தானாக அடங்கிவிடும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும்.

கடைசி வாரத்தை, பேச்சு முடிந்தபின் வரக்கூடிய கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். கொரியாவிலும் சில போட்டிகளில் நடுவர்கள் கேள்வி கேட்பது வழக்கம். ஒப்பித்தவரையும் உணர்ந்து பேசியவரையும் அங்கே எளிதாகப் பிரித்தறிந்துவிடலாம். தினமும் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், தமிழில் கேட்டாலும் போதும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வர வேண்டும். சொல் தெரியாத இடத்தில் விழித்துக்கொண்டு நிற்காமல், தெரிந்த சொற்களால் சுற்றி வளைத்துச் சொல்லவும் பழக்குங்கள். மீன் புதியதா என்று எப்படித் தெரிந்துகொள்வாய் என்று காசிமேட்டுப் பெண்ணிடம் நடுவர் ஒருவர் கேட்டார். செவுளுக்கு ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியாது. இரண்டு விரல்களால் தன் கன்னத்தோரத்தைத் தூக்கிக் காட்டி, ஓப்பன் ஹியர், இன்சைட் இட் மஸ்ட் பி ரெட் என்றாள்.