போர்ஷேயில் ஆயில் சீல் கசிகிறதா? செய்யக் கூடாத தவறுகள்

பழைய போர்ஷே 996 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அல்லது முதல் தலைமுறை பாக்ஸ்டர் விலைக்கு வருகிறது என்று காரைப் பற்றித் தெரிந்தவர்களிடம் சொன்னால், "ஆர்.எம்.எஸ் லீக் இருக்கா பாத்தீங்களா?" என்று உடனே கேட்பார்கள். கேள்வி சரிதான். ஆனால் இந்த ஒரு கசிவைப் பார்த்துப் பயந்து நல்ல காரை விட்டவர்களும் உண்டு, இதை மட்டும் கவனித்துவிட்டு இதைவிடப் பெரிய கோளாறைக் கோட்டை விட்டவர்களும் உண்டு.

எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினை விட்டு வெளியே வந்து ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தோடு சேரும் இடத்தில், ஆயில் வெளியே வராமல் தடுக்க வட்டமாக உட்கார்ந்திருப்பதுதான் இந்த ஆர்.எம்.எஸ், அதாவது ரியர் மெயின் சீல். 1996-ல் வந்த பாக்ஸ்டர், அடுத்த வருடம் வந்த 996 இரண்டிலும் எம்96 எஞ்சின்தான், அந்த எஞ்சினில் இந்த சீல் கசிவது ஆரம்பத்திலிருந்தே பேர்போன விஷயம். சீல் விலை பெரிதில்லை. அதைத் தொட கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், செலவெல்லாம் அங்கேதான்.

முதல் தவறு, கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில் ஆயில் ஈரத்தைப் பார்த்ததும் ஆர்.எம்.எஸ் என்று முடிவு கட்டுவது. அந்த இடத்துக்கு ஆயில் வர நாலைந்து வழி இருக்கிறது. இந்த சீலுக்குக் கொஞ்சம் கீழேயே இன்டர்மீடியேட் ஷாஃப்டின் (கிராங்க்கின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுகளுக்குக் கடத்தும் தண்டு) மூடி இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள சீலிலிருந்தும் கசியும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் மரை வழியாகவும் கசியும், இரண்டும் வழிந்து வந்து, கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அதே அடிவிளிம்பில்தான் சொட்டும். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போனாலும் அங்கேதான். ஒரு சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள், கியர் ஆயில் என்றால் கந்தக நெடி மூக்கில் ஏறும், எஞ்சின் ஆயிலில் அது இருக்காது. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகினால் வருவது பிரேக் ஃப்ளூயிட், அது ஆயில் மாதிரி கறுப்பாகவும் இருக்காது. அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, எஞ்சின் நன்கு சூடாகும்வரை ஓட்டி, பிறகு லிஃப்டில் ஏற்றி மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். எஞ்சினின் பக்கவாட்டில் ஸ்பார்க் பிளக் குழாய்களின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இறுகிப்போய்க் கசிந்து, காற்றில் பின்னால் பரவி, சீல் கசிகிற மாதிரியே தெரிவதும் உண்டு. அந்த ஓ-ரிங் மாற்றுவது சின்ன வேலை, அதற்கு கியர்பாக்ஸை இறக்கக் கொடுத்துவிட்டு அப்புறம் வருத்தப்பட வேண்டாம்.

சரி, ஆர்.எம்.எஸ்தான் என்று உறுதியாகிவிட்டது. எவ்வளவு ஆபத்து? பெரும்பாலான கார்களில் இது வெறும் கசிவு, விளிம்பில் பிசுபிசுப்பு, நிறுத்தி வைத்தால் தரையில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். இந்த எஞ்சினில் ஏறக்குறைய 8 லிட்டர் ஆயில் ஓடுகிறது, தினம் ஒரு சொட்டு போவதால் எஞ்சின் கெடாது. இதற்காக அவசரப்பட்டு கியர்பாக்ஸை இறக்குவது இரண்டாவது தவறு என்பேன். கிளட்ச் எப்படியும் ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும், அன்றைக்கு இதையும் சேர்த்துச் செய்தால் கூலி ஒருமுறைதான். அதுவரை ஆயில் அளவை ஒழுங்காகப் பார்த்து வாருங்கள். காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு: இரண்டு சர்வீஸுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அளவு இறங்குவது, சூடான எக்ஸாஸ்ட்டில் ஆயில் பட்டுக் கருகும் வாடை, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஆர்.பி.எம் ஏறியும் வேகம் ஏறாமல் கிளட்ச் வழுக்குவது. கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறிவிட்டால் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இதற்கு நேர்மாறான தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கியர்பாக்ஸை இறக்கிவிட்டார்கள், கண்ணெதிரே இன்டர்மீடியேட் ஷாஃப்ட் இருக்கிறது, "லீக் நின்னா போதும்" என்று சீலை மட்டும் தட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். இந்த எஞ்சின்களை உண்மையிலேயே சாகடிப்பது அந்த ஷாஃப்டின் (சுருக்கமாக ஐ.எம்.எஸ்) பேரிங். அமெரிக்காவில் கார் உரிமையாளர்கள் இதற்காக போர்ஷே மேல் வழக்கே போட்டு, 2013-ல் சமரசத்துக்கு வந்தார்கள். பேரிங் உடைந்தால் டைமிங் (வால்வுகள் பிஸ்டனோடு ஒத்துத் திறந்து மூடும் நேரக் கணக்கு) போய் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் மொத்தமும் போகும். சீல் கசிகிறது என்பதால் பேரிங் போகப்போகிறது என்று அர்த்தமில்லை, காய்ந்து சுத்தமாக இருக்கிறது என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்றும் இல்லை. ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பாருங்கள், கசிவு சொல்லாததை அது சொல்லும். 2005 வரையிலான எம்96 எஞ்சின்களில் கியர்பாக்ஸை இறக்கியதும் தெரியும் அந்த மூடி வழியாகவே பேரிங்கை மாற்றலாம். அதன்பின் 2008 வரை வந்த எஞ்சின்களில் பேரிங் பெரிது, எஞ்சினைப் பிளக்காமல் வெளியே வராது. அவற்றில் மூடியின் சீலை மட்டும்தான் புதுப்பிக்க முடியும். அந்த மூடியைச் சும்மா போல்ட் கழற்றித் திறந்துவிடவும் கூடாது. கிராங்க்கையும் கேம் ஷாஃப்டையும் பூட்டி, செயின் டென்ஷனர்களைத் தளர்த்திய பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் இடம் நகர்ந்து டைமிங் தவறிவிடும். இதை உங்கள் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேளுங்கள். தடுமாறினால் வேறு ஒர்க்‌ஷாப் பாருங்கள்.

"போன வருஷம்தான் மாத்தினேன், மறுபடியும் ஒழுகுது" என்பவர்களில் நிறையப் பேருக்குப் பிரச்சினை பொருத்தின விதத்தில். போர்ஷே பின்னாளில் ரப்பர் சீலுக்குப் பதிலாக டெஃப்ளான் வகை சீலைக் கொண்டுவந்தது. பழைய ரப்பர் சீலின் உள்விளிம்பில் ஆயில் தடவிப் போடுவது பழக்கம், புது சீலை உலர்வாகத்தான் போட வேண்டும். ஒரு துளி ஆயில் தடவினாலும் சரியாகப் படியாது. ஆழமும் முக்கியம், விளிம்போடு விளிம்பாகத் தட்டிவிட்டுப் போகிற சீல் இல்லை இது, அதற்கென்று இருக்கும் கருவியால் சரியான ஆழத்துக்கு நேராக இறக்க வேண்டும். ஆரம்பகால எஞ்சின்கள் சிலவற்றில் சீல் உட்காரும் துளையே கிராங்க் மையத்தோடு சரியாகப் பொருந்தாமல் இருந்தது, அதைச் சோதிக்க போர்ஷே தனியாக ஒரு அளவுகோலே வைத்திருந்தது. அந்தமாதிரி எஞ்சினில் எத்தனை சீல் மாற்றினாலும் திரும்பக் கசியும்.

ஏர்-ஆயில் செப்பரேட்டரை மறந்துவிடாதீர்கள். கிராங்க்கேஸின் அழுத்தத்தைச் சமன் செய்வது அதுதான். அது கெட்டால் நல்ல சீலும் திணறும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க முடியாமல் உள்ளே இழுத்துப் பிடித்தாலோ, எக்ஸாஸ்ட்டில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தாலோ முதலில் அதைப் பாருங்கள்.

லீக் நிறுத்தும் திரவம் என்று பாட்டிலில் விற்பதை ஊற்றுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். அது ரப்பரை உப்ப வைத்து ஓட்டையை அடைக்கும் வித்தை, டெஃப்ளான் சீலில் அது பலிக்காது, எஞ்சினுக்குள் இருக்கும் மற்ற ரப்பர் பாகங்களைத்தான் உப்ப வைக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. "ஆர்.எம்.எஸ் மாத்தியாச்சு" என்று விற்பவர் சொன்னால் பில்லைக் கேளுங்கள். அதில் கிளட்ச், ஐ.எம்.எஸ் பேரிங், மூடியின் சீல், புது போல்ட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சீல் மட்டும் என்று இருந்தால், கியர்பாக்ஸை இன்னொரு தடவை இறக்கும் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள்.