தறிச் சத்தத்துக்கு நடுவே வசனம்: கொங்குப் பக்கம் சின்னப் படத்துக்கு நேரடி ஒலிப்பதிவு

சொந்தக் காசில், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவோடு கொங்குப் பக்கம் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், வசனத்தை ஸ்பாட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு பெரிய கம்பெனிக்குச் சரிப்படும். சின்னப் படத்தில் நடிப்பவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். காட்டில் களை வெட்டிக்கொண்டே அத்தனை இயல்பாகப் பேசுகிற ஆத்தா, கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிவிட்டால் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். "வாறனுங்", "சொல்லுங்" என்று வரியின் கடைசியில் தேய்ந்து போகும் அந்த "ங்" டப்பிங்கில் திரும்பக் கிடைப்பது அரிது. ஸ்பாட்டிலும் முதலில் அமுங்குவது அதுதான். பின்னால் ஒரு மோட்டார் ஓடினால் போதும், வரியின் வாலை அது விழுங்கிவிடும். அந்த வால் தெளிவாகக் கேட்கிறதா என்பதையே எல்லா இடத்திலும் உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைக் காதால் பாருங்கள்

லொகேஷன் பார்க்கப் போகும்போது ஒலிப்பதிவு செய்பவரையும் கூட்டிப் போங்கள். ஒரே இடத்துக்குக் காலை 6 மணி, உச்சிப் பொழுது, சாயங்காலம் 6 மணி என்று மூன்று வேளை போக வேண்டும். போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, இயர்போனில் கேளுங்கள். நேரில் நிற்கும்போது மூளை தள்ளிவிடுகிற சத்தத்தை மைக் தள்ளாது.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் என்றால் விசைத்தறி. சூலூர் சுற்றுவட்டாரம் என்றால் விமானப்படைத் தளத்துப் போர் விமானங்கள். அவை மேலே போகும்போது டேக்கை நிறுத்துவது தவிர வேறு வழியில்லை. சேலம்–கொச்சி நெடுஞ்சாலைக்குப் பக்கத்துத் தோட்டங்களில் பகலைவிட இரவில் லாரிச் சத்தம் தெளிவாகக் கேட்கும், சுற்றிலும் மற்றதெல்லாம் அடங்கிவிடுவதால். தோட்டங்களில் மோட்டாரைக் கவனியுங்கள். நீர்மூழ்கி மோட்டார் தொல்லை தராது. கம்ப்ரசர் வைத்த ஆழ்துளைக் கிணறு ஒன்று அக்கம்பக்கத்தில் இருந்தால் கால் கிலோமீட்டருக்கு அதன் துடிப்பு வரும். த்ரீ ஃபேஸ் கரண்ட் எத்தனை மணிக்கு வருகிறது, யார் தோட்டத்துக்கு எப்போது தண்ணி பாயும் என்று ஊரில் கேட்டு, அந்த நேரத்துக்கு வசனமில்லாத ஷாட்டுகளைத் தள்ளிவையுங்கள்.

தினசரி காலண்டரில் முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபம் ஒரு கிலோமீட்டரில் இருந்தாலும் ஸ்பீக்கர் செட் வந்து சேரும். மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டு ஆடுகிற நாட்களில் அந்த ஊரில் இரவு வசனக் காட்சி வைக்காதீர்கள். மயில் வேறு. கொங்குத் தோட்டங்களில் காலையும் மாலையும் அது அகவாத நாள் இல்லை. அகவல் படத்தில் இருக்கட்டும், அழகுதான். வசனத்தின் மேல் விழுந்தால் மட்டும் இன்னொரு டேக் எடுங்கள். வெட்டி ஒட்டும்போது பாதி அகவல் அறுந்து நிற்கும்.

தறி ஊரில் படம் எடுப்பவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது மாதாந்திர மின்தடை நாள். துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் பெரும்பாலும் மாலை 4 அல்லது 5 வரை கரண்ட் வராது. எந்தெந்த ஊர் என்று பேப்பரில் முன்கூட்டியே போடுவார்கள். அன்றைக்கு ஊரே அமைதியாக இருக்கும். படத்தின் முக்கியமான வீட்டு வசனங்களை அந்த ஏழெட்டு மணி நேரத்துக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள். விளக்குகள் பேட்டரியில் ஓடும் எல்இடியாக இருக்க வேண்டும். முந்தின நாளே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள்: பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்த மில்லோ பனியன் கம்பெனியோ இருக்கிறதா, வீட்டு யுபிஎஸ் இரைகிறதா. கரண்ட் போனதும் யுபிஎஸ் உறுமத் தொடங்கும், அதையும் அணைத்துவிட வேண்டும்.

காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் வெட்டவெளியில் மெதுவாகப் பேசும் காட்சி வைத்தால் பாதி வீணாகும். வெளிப்புற வசனத்தை மாசி, பங்குனிக்கு நகர்த்துங்கள். ஆடியில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள்.

மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் உறை வீட்டுக்குள் மட்டும்தான் உதவும். வெளியே முடி வைத்த உறை கட்டாயம். ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைப் போட்டால் காற்றின் அடி இரைச்சல் கணிசமாகக் குறையும். ஆண் குரலின் அடித்தளம் ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கிறது என்பதால் குரலுக்குச் சேதமில்லை. தென்னந்தோப்பில் இது போதாது. ஓலைச் சலசலப்பு மேல் அலைவரிசையில் வரும், ச, ஸ ஒலிகளோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. பொள்ளாச்சித் தோப்புகளில் வசனம் என்றால் நடிகர்களைத் தோப்பின் நடுவில் நிறுத்துங்கள். ஓரத்தில் காற்று நேராக அடிக்கும்.

கொடிவேரி மாதிரி தண்ணி விழும் இடத்தில் எந்த மைக்கும் எந்த வடிகட்டியும் உதவாது. தடுப்பணையை வைடில் காட்டிவிட்டு, பேச்சை முந்நூறு அடி தள்ளிப் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

மைக் எங்கே இருக்க வேண்டும்

விலையுயர்ந்த மைக் நாலடி தள்ளி இருப்பதைவிட, சுமாரான மைக் இரண்டடியில் இருப்பது மேல். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். சுற்றுச் சத்தமோ அப்படியே இருக்கும். அதனால் ஃபிரேமின் மேல் விளிம்பைக் கேமராமேனிடம் கேட்டு, அதற்கு ஒரு சாண் மேலே பூம் மைக்கை (நீளக் கோலின் முனையில் பிடிக்கும் மைக்) நிறுத்துங்கள். முனை வாயைப் பார்க்காமல் நெஞ்சின் மேல்பாகத்தைப் பார்க்கட்டும். பூம் பிடிப்பவருக்கு வசனம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து யார் பேசுவார் என்று தெரியாதவர் எப்போதும் அரை நொடி பிந்தித்தான் திருப்புவார், முதல் வார்த்தை மங்கும்.

காலர் மைக்கை இரண்டாவது பாதுகாப்பாக வையுங்கள், தனி டிராக்கில். மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே இருந்தால் சரி. கஞ்சி போட்ட மொடமொட வெள்ளைச் சட்டை காலர் மைக்குக்கு எதிரி; அந்தப் பாத்திரத்துக்கு இரண்டு மூன்று தடவை துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சட்டை கேளுங்கள். பெண்களுக்குத் தாலிக்கொடி உரசாதபடி ரவிக்கையின் ஓரத்தில், மருந்துக் கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பால் மைக்கின் இரு பக்கமும் ஒட்டி, வயரில் ஒரு சின்ன வளையம் விட்டு அதையும் ஒட்டுங்கள். அந்த வளையம்தான் வயர் இழுபடும் சத்தத்தைத் தடுக்கும். ஊர்க்காரர்கள் உடம்பில் மைக் வைக்கும் முன் என்ன, எதற்கு என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் பெண் உதவியாளரே வைக்கட்டும்.

வீட்டுக்குள்

ஓட்டு வீட்டில், மண் சுவரில் குரல் நன்றாக உட்காரும். கான்கிரீட் வீடும் டைல்ஸ் தரையும்தான் சிக்கல். கைதட்டிப் பாருங்கள், கணீரென்று ஒரு வால் கேட்டால் அந்த அறையை அடக்க வேண்டும். அதற்கு இந்த ஊரிலேயே ஆன பொருள் இருக்கிறது: பவானி ஜமுக்காளம். தடிப்பான பெரிய ஜமுக்காளம் நாலைந்து வாங்கி, கேமரா பார்க்காத இரண்டு சுவர்களில் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை இடைவெளி விட்டால் தாழ்ந்த ஒலியையும் ஓரளவு உறிஞ்சும். ஒன்றைத் தரையில், மைக்குக்கு நேர் கீழே விரியுங்கள். அறைக்குள், நீளக் குழாய் போன்ற ஷாட்கன் மைக்கைவிட, முன்பக்க ஒலியை முக்கியமாகப் பிடிக்கும் குட்டையான ஹைப்பர்கார்டியாய்டு மைக் சரியாக வரும். சின்ன அறையில் ஷாட்கன் எதிரொலியைக் கோணலாகப் பிடித்துக் குரலை டப்பாவுக்குள் பேசுவது போல ஆக்கிவிடும்.

ஃபேன், ஃபிரிட்ஜ், பழைய சோக் வைத்த ட்யூப் லைட் எல்லாம் அணைய வேண்டும். ஃபிரிட்ஜை அணைத்ததும் உங்கள் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவி தேடிப் போய் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட்டுவிடுவீர்கள், வீட்டுக்காரர் பாலும் தப்பிக்கும்.

தறிக் குடோனில் ஒரு காட்சி

இந்தப் பகுதியில் எடுக்கும் படங்களில் எப்படியும் ஒரு தறிக் காட்சி வரும், சொதப்புவதும் பெரும்பாலும் அதுதான். தறிகள் ஓடும்போது வசனம் பதிவாகாது. நிறுத்திவிட்டு எடுத்தால் நடிகர்கள் சாதாரணக் குரலில் பேசிவிடுவார்கள். பிறகு தறிச் சத்தத்தை மேலே போடும்போது, அத்தனை இரைச்சலில் ஒருவர் கிசுகிசுப்பது போலப் பொய்யாகத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. வைட் ஷாட்டுகளைத் தறி முழுவதும் ஓட, வசனத்தின் உதட்டசைவு தெரியாத கோணத்தில் முதலில் எடுத்துவிடுங்கள். அப்புறம் குளோஸ்-அப். கேமராவும் ரெக்கார்டரும் ஓடட்டும், தறிகளும் அரை நிமிடம் ஓடட்டும், நடிகர்கள் அந்தச் சத்தத்திலேயே ஒன்றிரண்டு வரி கத்திப் பேசட்டும். மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒருவர் நின்று கைச்சாடையில் நிறுத்த வேண்டும். தறியில் குறுக்கே ஓடும் நாடா கடைசியாக ஒரு அடி அடித்து நிற்கும். அந்த நொடியில் வசனம் தொடர வேண்டும். தொண்டை அதே உயரத்தில் இருக்கும், கழுத்து நரம்பும் புடைத்திருக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் குரல் தானாக இறங்கிவிடும், ஆகவே காட்சியைத் துண்டு துண்டாக எடுங்கள். தறி ஓட்டுபவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று முன்பே கவனியுங்கள்: காதுக்குப் பக்கத்தில் வாய் வைத்து, சின்னச் சின்ன வார்த்தையாக, பாதி கைச்சாடையில். வசனத்தையும் அப்படியே எழுதினால் காட்சி தானாக உண்மையாகும்.

தறிச் சத்தத்தைத் தனியாக மூன்று தூரத்தில் பதிவு செய்யுங்கள்: ஒற்றைத் தறிக்கு இரண்டடி பக்கத்தில், குடோனின் நடுவில், வெளியே திண்ணையில். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். ஒரு தறி நிற்பதும் கிளம்புவதும் தனியாக வேண்டும். தறி நின்றால் மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவருக்கு நஷ்டம். எத்தனை மணி நேரம் நிறுத்துகிறீர்களோ அதற்கான கூலியைப் பட்ஜெட்டில் எழுதி, அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.

ரெக்கார்டரும் கணக்கும்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். ஒரு டிராக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி பிடிக்கும். நாலு டிராக் என்றால் 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ரெக்கார்டர் மீட்டரில் (0 தான் உச்ச எல்லை) சாதாரணப் பேச்சு மைனஸ் 20 டெசிபல் பக்கம் ஆடட்டும், உரத்த வரி மைனஸ் 12-ஐத் தாண்ட வேண்டாம். மிக உரத்த ஒலிக்கும் இடம் கொடுக்கும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால், சத்தம் எல்லை மீறிக் கரகரக்கும் உடைசல் பயம் குறையும், ஆனால் மைக்கே திணறினால் அதுவும் காப்பாற்றாது.

கேமராவையும் எடிட்டிங் டைம்லைனையும் ஆரம்பத்திலேயே ஒரே ஃபிரேம் கணக்கில் பூட்டுங்கள். 24-இல் எடுத்துவிட்டு 23.976 டைம்லைனில் போட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை ஃபிரேம் உதடும் ஒலியும் விலகும். கேமராவையும் ரெக்கார்டரையும் ஒரே நேரக் குறியில் இணைக்கும் டைம்கோடு இல்லாத குழு ஒவ்வொரு டேக்கிலும் கிளாப் அடிக்க வேண்டும், கேமராவிலும் ஒரு வழிகாட்டி ஒலி ஓட வேண்டும். காட்சி, ஷாட், டேக், ஃபைல் எண், "நாய் குரைப்பு", "பஸ்" என்று ஒரு நோட்டில் அங்கேயே எழுதுங்கள்.

டேக் ஓகே ஆன பிறகும் சந்தேகமுள்ள வரி இருந்தால், நடிகர் உடை மாற்றும் முன்பே, அதே இடத்தில், கேமரா இல்லாமல் அந்த வரியை மூன்று முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதே மூச்சு, அதே சூடு இருக்கும். பத்துப் படப்பிடிப்பு நாளில் ஐந்து வரி இப்படிக் காப்பாற்றினாலும் டப்பிங் செலவு மிச்சம். ஒவ்வொரு இடத்தை விட்டுப் போகும் முன் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தம் பதிவாக வேண்டும். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். வசனத்துக்கு இடையிலான ஓட்டைகளை அடைக்க வேறெதுவும் பொருந்தாது.

டீக்கடை, பனியன் கம்பெனி, மினி பஸ் எங்கே எடுத்தாலும் பாட்டு ஓடும். டேக்கில் சினிமாப் பாட்டு விழுந்தால் உரிமை வாங்காமல் அந்தக் காட்சியை வெளியிட முடியாது. வசனத்துக்கு அடியில் பதிந்த பாட்டைச் சுத்தமாக எடுக்கவும் வராது. கடைக்காரரிடம் கேட்டு நிறுத்திவிடுங்கள்.

எடிட்டிங்கில் இரைச்சல் நீக்கும் மென்பொருளை 6 முதல் 8 டெசிபல் வரைக்கும் பயன்படுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணிக்குள்ளிருந்து வருவது போலாகி, வரி முடிவுகள் முதலில் கரையும். யூடியூபுக்குப் போடும் பிரதியை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரி உரப்பைக் குறிக்கும் அலகு) அளவில் வைக்கலாம். தியேட்டருக்கும் ஓடிடிக்கும் கணக்கு வேறு, அதற்குத் தனி மிக்ஸ் வேண்டும். கடைசியாக, மிக்ஸை ஒரு சாதாரண டிவியில், ஃபேன் ஓடும் கூடத்தில், கதை தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து கேளுங்கள். எந்த வரியில் அவர் "என்னன்னு சொன்னாங்க?" என்று திரும்புகிறாரோ, அந்த வரிக்குப் பதிலாக வேறு டேக்கைத் தேட நோட்டை எடுங்கள்.