அட்வான்ஸ் எவ்வளவு என்று தாளில் இருக்கிறதா?

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தென்காசிப் பையன் ஒருவன் போன வாரம் மடிப்பாக்கத்தில் வீடு பிடித்திருக்கிறான். அக்ரிமென்டைக் கொண்டுவந்து காட்டினான். வாடகை 14,000, அட்வான்ஸ் 42,000 என்று இருந்தது. "கையில எவ்வளவு கொடுத்தே?" என்றேன். "ஒரு லட்சத்து நாற்பதாயிரம்ணே." எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சென்னையில் பதினைந்து வருடத்தில் ஏழு வீடு மாறியவன் நான். குழாயைத் திறந்து பார், புரோக்கர் கமிஷனை முதலிலேயே பேசு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

தாளில் ஒன்று, கையில் ஒன்று

வேளச்சேரியில் நான் இருந்த மாடிப் போர்ஷனுக்கு வாடகை 12,000. பத்து மாத அட்வான்ஸ், 1,20,000. எழுதும்போது வீட்டுக்காரப் பெரியவர், "புதுச் சட்டத்துல மூணு மாசம்தானாம் தம்பி, 36,000-னு போட்டுக்குவோம். மீதி நமக்குள்ள" என்றார். தங்கமான மனிதர், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புவார். மீதி 84,000-ஐ ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை.

மூன்றாம் வருடம் பெரியவர் தவறிப்போனார். நான் காலி செய்த அன்று மகன் அக்ரிமென்டை மேசைமேல் விரித்து, 36,000 என்ற வரியில் விரலை வைத்தார். "அப்பா வேற எதுவும் சொல்லலையே சார்." அவர் பொய் சொன்னார் என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போனதுதான் எரிச்சல்.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதுவும் செல்லும் என்று அதே பிரிவு இடம் கொடுக்கிறது. அதாவது 1,20,000 என்றே எழுதியிருக்கலாம்! மறைக்கவே தேவையில்லாததை மறைத்து 84,000-ஐக் கோட்டைவிட்டேன்.

பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 'அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தர்றேன்' என்பது ஊர் வழக்கம்தான், சட்டம் இல்லை. இருந்தாலும் எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்வி வந்தால் எல்லோரும் தாளைத்தான் புரட்டுவார்கள்.

ஆகவே முழுத் தொகையையும் எழுதச் சொல்லுங்கள். பணத்தை அக்ரிமென்டில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்கில் போடுங்கள். மைத்துனர் கணக்கு, புரோக்கர் கணக்கு எல்லாம் வேண்டாம். ரொக்கம்தான் என்று பிடிவாதம் பிடித்தால் கையெழுத்துப் போட்ட ரசீது. சொத்துவரி ரசீதில் அதே பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடையில் அட்வான்ஸை ஏற்றினால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பையனிடம், மீதி 98,000-க்கு இன்றே ரசீது வாங்கிவிடு என்றேன். "கேட்டா தப்பா நினைப்பாங்கண்ணே" என்கிறான். நானும் அப்படி நினைத்தவன்தான்.

கரண்ட் மீட்டர்

சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் குடிபோனால், முன்பு இருந்தவர் ஓட்டிய ஏசிக்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள். இரண்டு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் இன்னும் கவனம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். முதல் 100 யூனிட் இலவசமும் ஒரு மீட்டருக்கு ஒருமுறைதான். அதை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

பதினொரு மாதம்

பதினொரு மாதத்துக்கு எழுதினால் எங்கேயும் பதிய வேண்டாம் என்பது பழைய கதை. இப்போது எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

தண்ணீர்

மார்கழியில் வீடு பார்த்தால், மே மாத லாரித் தண்ணீருக்கு யார் காசு என்று கேட்டுவிடுங்கள்.

வெள்ளையடிப்பு

காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் குடிபோகும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். அந்த 36,000-லிருந்தும் ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கு என்று கழித்தார்கள். எனக்குப் பின் குடிவந்தவரை ஒருநாள் காய்கறிக் கடையில் பார்த்தேன். என் மகள் கிரேயானில் வரைந்த மீன் ஹால் சுவரில் இன்னும் இருக்கிறதாம்.