மலேரியா மாத்திரைக்கு முன்னால ஆச்சிட்ட என்ன கேக்கணும்

மும்பைக்கோ மங்களூருக்கோ வேலைக்கு போன பிள்ளைக லீவுக்கு வாரப்ப குளிர்காய்ச்சலோட ஜங்ஷன்ல வந்து எறங்குனா அன்னைக்கே மலேரியா டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துருங்க, நாளைக்கு பாப்போம்னு தள்ளாதீங்க. மலேரியா கிருமில வைவாக்ஸ், பால்சிபாரம்னு வகை உண்டு, ரிப்போர்ட்ல எதுன்னு கேட்டு தெரிஞ்சுக்கிடுங்க, ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

வைவாக்ஸ் கிருமி ஈரல்ல ஒளிஞ்சு கெடந்து மாசக்கணக்கு கழிச்சும் திரும்ப வரும், அத அழிக்கத்தான் பிரைமாகுயின்னு ஒரு மாத்திரைய 14 நாளைக்கு குடுக்காங்க (மாசமா இருக்கவங்களுக்கு கெடையாது). ஆனா சில பேருக்கு ஜி6பிடின்னு ஒரு நொதி பொறப்புலயே கம்மி, அவங்க இந்த மாத்திரைய போட்டா சிவப்பணு ஒடைஞ்சு ஒண்ணுக்கு டிகாஷன் மாதிரி கறுத்துப் போவும், அப்படி ஆச்சுன்னா மாத்திரைய நிறுத்திட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதனால மொத மாத்திரைக்கு முன்னாலயே ஜி6பிடி டெஸ்ட் எடுத்தாச்சான்னு டாக்டர்ட்ட வாய்விட்டு கேளுங்க, தயங்காதீங்க. குறை இருந்தாலும் வழி இருக்கு, வாரம் ஒருக்கா வீதம் 8 வாரம் டாக்டர் கண்காணிப்புல குடுக்கலாம்.

வீட்லயும் விசாரிங்க. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம்ல வாரது, அப்பாட்ட இருந்து மகனுக்கு வராது, அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும். அதனால அம்மாவப் பெத்த ஆச்சிட்ட உக்காந்து கேளுங்க, மாமாமாருக்கு பொறந்தப்ப மஞ்சக்காமாலை ரொம்ப இருந்துச்சா, ஏதாவது மாத்திரை போட்டு ஒண்ணுக்கு கறுத்துச்சான்னு. பொதுவா ஆம்பளைகளுக்குத்தான் முழுசா தெரியும், ஆனா நம்ம பக்கம் தாய்மாமனுக்கே கட்டிக்குடுக்க வழக்கம் உண்டுல்லா, அந்த மாதிரி குடும்பத்துல ரெண்டு பக்கமும் இருந்து வந்து பொம்பளப் பிள்ளைக்கும் முழுசா வரலாம், அதனால பொண்ணுதானேன்னு டெஸ்ட்ட விட்றாதீங்க.

ஒரே காய்ச்சல் ஒருத்தர சாய்ச்சுப் போடுது, இன்னொருத்தர் எந்திச்சு நடக்காரு, அதுலயும் மரபணுவுக்கு பங்கு உண்டு. சிவப்பணுவ அரிவாள் மாதிரி வளைச்சுப் போடுற அரிவாள் செல் மரபணு, பெத்தவங்கள்ல ஒருத்தர்ட்ட இருந்து மட்டும் வந்தவங்களுக்கு பால்சிபாரம் முத்துறது ரொம்பக் குறைவு, 1954-லயே ஆலிசன்னு ஒரு ஆராய்ச்சியாளர் கிழக்கு ஆப்பிரிக்காவுல கண்டு சொன்னாரு. நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்ட்டயும் அந்த மரபணு இருக்கு. ஓ குரூப் ரத்தத்துக்கும் ஓரளவு பாதுகாப்பு இருக்கு. ஆனா எனக்கு ஓ குரூப்புன்னு வீட்ல படுத்துறாதீங்க, பால்சிபாரம் ஒரே நாள்ல மூளைக்கு ஏறிரும், பேச்சு கொழறுனா, வலிப்பு வந்தா, மூச்சு வாங்குனா ராத்திரின்னாலும் கெளம்பிருங்க.

இன்னொண்ணு, ரத்தம் ஏத்துன கையோடயோ, சிவப்பணு ஒடைஞ்ச சமயத்துலயோ ஜி6பிடி டெஸ்ட் எடுத்தா குறை இருந்தும் நார்மல்னு வரலாம், புது அணுக்கள்ல நொதி கூடுதலா இருக்கும். மூணு மாசம் போல கழிச்சு மறுபடி எடுங்க.