எந்தக் கணினிக்கு எந்தக் கோப்பு: பிஎக்ஸ்இலினக்ஸ் தேடும் வரிசை

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ 32 கணினி உள்ள ஒரு கல்லூரி லேபில் லினக்ஸ் ஏற்ற, பென்டிரைவோடு மேஜை மேஜையாக அலைய வேண்டாம். நெட்வொர்க் வழியே பூட் செய்தால் போதும். ஆனால் எந்தக் கணினி எந்த அமைப்புக் கோப்பை (எதை எப்படி பூட் செய்வது என்று சொல்லும் கோப்பு) எடுக்கும் என்று தெரியாமல் இறங்கக் கூடாது. கோப்பு மாறினால் லினக்ஸ் தானாக நிறுவப்பட்டு ஆசிரியரின் ஹார்டு டிஸ்க்கே அழிந்துவிடும்.

நெட்வொர்க் வழியே பூட் செய்ய உதவும் நிரலான பிஎக்ஸ்இலினக்ஸ் (PXELINUX), பூட் கோப்புகளைக் கொடுக்கும் டிஎஃப்டிபி (TFTP) சர்வரில் முதலில் கணினியின் யுயுஐடி (UUID, மதர்போர்டில் பதிந்த அடையாள எண்) பெயரில் கோப்பு தேடும். அடுத்தது மேக் (MAC) முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்: முன்னால் 01, கோலன் இருந்த இடத்தில் ஹைஃபன், ஆங்கில எழுத்தெல்லாம் சிறிய எழுத்து. உதாரணம், 01-52-54-00-12-34-56. 01 என்பது ஈதர்நெட்டைக் குறிக்கும். அதை விட்டால் கோப்பு கண்ணில் படாது.

மூன்றாவது ஐபி (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி), ஹெக்ஸ் எண்ணாக (0 முதல் 9, A முதல் F வரை 16 இலக்கம் கொண்ட முறை), எழுத்துகள் பெரியதாக. 10.20.18.37 என்றால் 0ஏ141225 (இங்கே ஏ என்பது ஆங்கில A). கிடைக்காவிட்டால் கடைசி இலக்கத்தை வெட்டி 0ஏ14122, பிறகு 0ஏ1412 என்று ஒற்றை 0 வரை போகும். மடையில் தண்ணீர் வராவிட்டால் வாய்க்காலையும், அங்கும் இல்லாவிட்டால் ஆற்றையும் போய்ப் பார்ப்பது போலத்தான். கடைசியில், எதுவும் பொருந்தாதபோது எடுக்கும் 'டீஃபால்ட்' (default) கோப்பு.

இந்த வெட்டல் நமக்கு வசதி. 0ஏ14122 என்ற ஒரே கோப்பு, 32 முதல் 47 வரை முடியும் 16 ஐபிக்கும் பொருந்தும். 0ஏ14123 அடுத்த 16க்கு, 48 முதல் 63 வரை. பெஞ்சு வரிசைக்கு ஒரு கோப்பு என்று முடித்துவிடலாம். ஐபியை 40இல் தொடங்கினால் மட்டும் முதல் வரிசை பாதியில் பிளந்து, 8 கணினி அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

கரண்ட் போய் வந்தபின், ஐபியை ஒதுக்கும் டிஹெச்சிபி (DHCP) சர்வர் வேறு ஐபி கொடுத்தாலும் இதே குழப்பம்தான். ஒவ்வொரு மேக்குக்கும் நிலையான ஐபி ஒதுக்குங்கள். இடி மின்னலில் மதர்போர்டு போய் மாற்றினால் மேக்கும் யுயுஐடியும் மாறும். பழைய கோப்பு பொருந்தாமல் கணினி டீஃபால்டில் விழும். ஆகவே டீஃபால்டில் ஒருபோதும் தானியங்கி நிறுவலை வைக்காதீர்கள். ஹார்டு டிஸ்கிலிருந்தே பூட் ஆகும்படி மட்டும் எழுதுங்கள்.

பெயர் சரியாக இருந்தும் எடுக்கவில்லையா? கோப்பின் அனுமதி 644தானா (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் மாற்றலாம்) என்று பாருங்கள். பிறகு டிஎஃப்டிபி சர்வரின் லாகை (பதிவேட்டை) திறந்தால், கணினி கேட்ட பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் கோப்புப் பெயரை எழுத்தெழுத்தாக அதோடு ஒப்பிடுங்கள்.

சூசே (SUSE) லினக்ஸைத் தானாக நிறுவும் கருவியான ஆட்டோயாஸ்ட்டில் (AutoYaST) கோப்பு தேடும் வரிசை தலைகீழ். அங்கே ஐபியும் அதன் வெட்டல்களும் முதலில். மேக் அதற்குப் பிறகுதான், அதுவும் ஹைஃபன் இல்லாமல், பெரிய எழுத்தில். பெஞ்சு வரிசைக்கான கோப்பு இருக்கும்போது ஒரு கணினிக்கு மட்டும் தனி அமைப்பு வேண்டுமானால், அங்கே மேக் பெயரில் எழுதிப் பயனில்லை. எட்டு இலக்க ஐபிப் பெயரிலேயே எழுதுங்கள்.