பிடித்த பாடகரின் மார்கழிக் கச்சேரிக்கு நண்பர்களை அழைத்துச் செல்லும் முறை

டிசம்பர் நடுவில் தொடங்கும் சென்னை இசை விழாவில், நமக்குப் பிடித்த பாடகர் ஒருவரையே சில வார இடைவெளிக்குள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வெவ்வேறு மேடைகளில் கேட்க வாய்ப்புண்டு. ஆகவே கச்சேரிகளை நடத்தும் சங்கங்களான சபாக்களுள் எந்தச் சபாவில் கேட்பது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். 1927-ஆம் ஆண்டு சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக மறு ஆண்டில் உருவான மியூசிக் அகாடமியின் அரங்கம் பெரியது. அங்கே பாடுவதைக் கலைஞர்களும் தனிப் பெருமையாகக் கருதுகிறார்கள். ஆனால் கர்நாடக இசைக்குப் புதியவர்களான நண்பர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால், பாடகரின் முகமும் பக்கவாத்தியக்காரர்களின் கைகளும் தெளிவாகத் தெரியும் சிறிய அரங்கத்தையே நான் பரிந்துரைப்பேன். பாடல்களின் பொருள் புரிய வேண்டும் என்று விரும்பும் நண்பர்களுக்கு, தமிழ்ப் பாடல்களுக்காகவே 1943-இல் தொடங்கப்பட்ட தமிழ் இசைச் சங்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடத்தும் விழா மிகவும் பொருத்தமானது.

பெயர் பெற்ற பாடகர்களின் மாலைக் கச்சேரிகளுக்குச் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் போக மிஞ்சும் இடங்களே தினசரி டிக்கெட்டாகக் கிடைக்கின்றன. எனவே நிகழ்ச்சிநிரல் வெளியானவுடனே, எல்லோருக்குமான டிக்கெட்டுகளை வாங்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஆளுக்கொரு நேரத்தில் வாங்கினால் அரங்கின் நான்கு மூலைகளில் அமர நேரிடும். வளர்ந்துவரும் இளங்கலைஞர்கள் பாடும் பிற்பகல் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் கட்டணமில்லை. அவற்றுக்குச் சற்று முன்னதாகச் சென்றாலே போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமாக மிருதங்கக் கலைஞர் பார்வையாளர்களின் இடப்பக்கத்திலும், வயலின் கலைஞர் வலப்பக்கத்திலும் அமர்வார்கள். தாளத்தில் ஆர்வமுள்ள நண்பரை இடப்புறத்தில் அமர வைத்தால், மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலக்கைப் பக்கத்தில், விரல்கள் விழும் விதத்தை அவர் நேராகக் காணலாம்.

கச்சேரிக்கு முந்தைய வாரத்தில் நண்பர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. அந்தப் பாடகர் பாடிய இரண்டு பதிவுகளை மட்டும் அனுப்பி, ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுங்கள்: ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் (உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புதல்) இரண்டு முறை, மொத்தம் எட்டு. கை தாளத்தோடு சேர்ந்துவிட்டால், ராகத்தின் பெயர் தெரியாதவரும் பாடகர் எந்த இடத்தைப் பிடித்துத் திரும்பி வருகிறார் என்பதை உணரத் தொடங்குவார். என்னைக் கேட்டால், புதிய கேட்பவருக்கு இதைவிடப் பயனுள்ள அறிமுகம் வேறில்லை.

வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகளின் வழியே நகர்ந்து, நடுவில் ஒரு பெரிய உருப்படியை, அதாவது பாடலை, விரிவாகப் பாடி, கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சிறு பாடல்களோடு முடிப்பது, பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைபெறச் செய்த கச்சேரி முறை. இன்றும் பெரும்பாலோர் இந்த வரிசையையே பின்பற்றுகிறார்கள் என்பதை நண்பர்களிடம் முன்பே சொல்லிவிட்டால், பாடல் வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை நீளும்போது அவர்கள் பொறுமை இழக்க மாட்டார்கள். ஒரே வரியைப் பல விதமாகப் பாடும் நிரவல் வரும்போது, பாடகர் வரியை மறந்து திரும்பத் திரும்பப் பாடுகிறாரோ என்று ஐயப்படவும் மாட்டார்கள்.

பெரிய உருப்படியின் முடிவில் தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் பலர் எழுந்து கேன்டீனுக்குப் போவதைக் காண்பீர்கள். அவர்களோடு எழுந்துவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மாலை முழுவதும் பாடகரைத் தாங்கி வாசித்த தாள வாத்தியக்காரர்களுக்குக் கிடைக்கும் தனி நேரம் அது ஒன்றுதான். மிருதங்கமும் கடமும் அல்லது கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, முறைகளின் நீளத்தைப் படிப்படியாகக் குறைத்து, பின்னர் ஒன்றாக இணைந்து கோர்வை எனும் நிறைவுத் தாளக்கோலத்தை முடிக்கும் அதே கணத்தில் பாடகர் பாடலின் வரியை எடுப்பார். நீங்கள் தாளத்தைக் கைவிடாமல் போட்டுக்கொண்டிருந்தால், அந்த இடம் உங்கள் கையிலேயே வந்து விழும்.

கச்சேரி நடக்கும்போது ராகத்தின் பெயரை நண்பரின் காதில் சொல்ல வேண்டாம். அருகில் இருப்பவர்களுக்கு அது இடையூறு. அவருக்கும் கவனம் கலையும். கைபேசியின் ஒலியை நிறுத்திவிட்டு, ஒரு சிறு தாளில் பாடல்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மங்களம் பாடி முடிந்தபின் உடனே கலைந்துவிடாமல் கேன்டீனில் காபியோடு அமர்ந்து அந்தத் தாளை விரித்து, எந்த இடம் பிடித்தது என்று முதலில் நண்பர்களைச் சொல்லவிட்டு, அவர்கள் கேட்ட பிறகு ராகப் பெயர்களை நிரப்புங்கள். இரவு தாமதமாகும் என்பதால், வீட்டுக்குத் திரும்பும் வண்டியை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது.