பின் சக்கரத்தில் 'டிக் டிக்' சத்தமா? கழற்றும் முன் எண்ணிப் பாருங்கள்

காரின் பின்பக்கத்திலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வர ஆரம்பித்தால், ஸ்பேனர் பெட்டியைத் திறக்கும் முன் அந்தச் சத்தத்தை எண்ணிப் பாருங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பின் டிரம்களையும் கழற்றி, பிரேக் ஷூக்களை (டிரம்மின் உட்புறத்தை அழுத்தி சக்கரத்தை நிறுத்தும் வளைந்த துண்டுகள்) சுத்தம் செய்து, ஸ்பிரிங்குகளை மாற்றி, எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்தது. டயர் பள்ளத்தில் ஏறியிருந்த ஒரு ஸ்க்ரூவின் தலை தரையைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலில் உங்கள் காரின் பின்பக்கம் எந்த வகை?

முன் சக்கரங்களை இயக்கும் கார்களில் பின் ஆக்ஸில் வெறுமனே சுமை தாங்குகிறது. அதில் டிஃபரன்ஷியல் (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) கிடையாது, அதிலிருந்து சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் கிடையாது, அந்த ஷாஃப்ட்டின் முனையில் வளைந்து கொடுக்கும் சிவி ஜாயிண்ட்டும் கிடையாது. 'டிக் டிக் என்றால் சிவி ஜாயிண்ட் போயிருக்கும்' என்று யார் சொன்னாலும், அப்படிப்பட்ட காரின் பின்பக்கத்துக்கு அது பொருந்தாது. சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பதால் தேட வேண்டிய இடங்கள் பாதியாகக் குறைந்துவிடும். டயர், வீல் நட், பிரேக், பேரிங், சஸ்பென்ஷன், அவ்வளவுதான். பின் சக்கரங்களையோ நான்கையுமோ இயக்கும் வண்டியாக இருந்தால் ஷாஃப்டுகளும் டிஃபரன்ஷியலும் கூடச் சேரும்.

காலி செய்யுங்கள், கேளுங்கள், எண்ணுங்கள்

டிக்கியைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள். ஜாக்கி, அதன் கைப்பிடி, ஸ்டெப்னியை இறுக்கும் போல்ட் எல்லாம் ஆக்ஸில் சத்தம்போலவே நடிக்கும். பிறகு, போக்குவரத்து இல்லாத இடத்தில் ஒரு நீளமான சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் தெளிவாகக் கேட்கும். பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்தால் இடமா வலமா என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது கணக்கு. 185/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் 10 விநாடியில் சுமார் 14 சுற்றுகள் சுற்றும். 20 கிலோமீட்டரில் 28. உங்கள் டயர் அளவு சற்று வேறாக இருந்தாலும் எண்ணிக்கை பெரிதாக மாறாது. பக்கத்தில் ஒருவரை நேரம் பார்க்கச் சொல்லிவிட்டு டிக்குகளை எண்ணுங்கள். 13, 14, 15 என்று வந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு டிக். அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. எண்ணவே முடியாத அளவு வேகமாக 'டடடட' என்று வந்தால், பின் சக்கர இயக்க வண்டிகளில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (முன்னாலிருந்து டிஃபரன்ஷியலுக்கு விசை கொண்டுவரும் நீளத் தண்டு) மேல் சந்தேகம் போக வேண்டும். அது சக்கரத்தைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும்.

வேகத்தோடு சம்பந்தமே இல்லாமல், பள்ளம் மேட்டில் மட்டும் வருகிறதா? அது சஸ்பென்ஷன். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், முன்னும் பின்னும் மாற்றி ஓட்டும்போதும் ஒரே ஒரு 'டக்' மட்டும் என்றால் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் துண்டு) அல்லது டிரைவ் ஷாஃப்ட். பிரேக்கை லேசாக மிதித்ததும் டிக் டிக்கின் தன்மை மாறினால் பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. மெதுவான வேகத்தில் நியூட்ரலில் உருளவிடுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும். நியூட்ரலில் சத்தம் நின்றுபோனால் அது எஞ்சின் விசை பாயும் பாகங்களில் இருக்கிறது.

ஜாக்கி வைக்காமலே பார்க்கக்கூடியவை

வண்டியை அரை மீட்டர் அரை மீட்டராக நகர்த்தி, டயரின் முழுச் சுற்றையும் பாருங்கள். கல், ஆணி, ஸ்க்ரூ. கல்லைத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிடலாம். ஆணி என்றால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆணியைச் சுற்றிச் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் அது பஞ்சர்.

அடுத்து வீல் கப். கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பல 'ஆக்ஸில் சத்தங்கள்' இதோடு முடிந்துவிடும்.

பிறகு வீல் நட். இதில்தான் ஆபத்து இருக்கிறது. தளர்ந்த சக்கரம் முதலில் டிக் டிக் என்றுதான் எச்சரிக்கும், அடுத்த கட்டத்தில் போல்ட்டுகள் அறுந்து சக்கரமே கழன்றுவிடும். பயணிகள் கார்களுக்குப் பொதுவாக 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் சொல்லப்படும். சரியான எண்ணை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்து, டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), ஒன்றை விட்டு ஒன்றாக இறுக்குங்கள். மரையில் எண்ணெய் தடவ வேண்டாம், தேவைக்கு மேல் இறுகிவிடும். நட் தளர்ந்திருந்தது என்றால் சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் துளைகளையும் பாருங்கள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் அந்த ரிம்மை இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

தூக்கிப் பார்க்கும் நேரம்

சமதரை. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. ஹேண்ட்பிரேக் போட்டு, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக்கூடாது. நட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். பின் சக்கர இயக்க வண்டியில் நியூட்ரலுக்கும் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்திருப்பது முன் சக்கரக் கட்டைகள் மட்டும்தான், நினைவிருக்கட்டும்.

சக்கரத்தைக் கையால் சுற்றிக் கேளுங்கள். பிறகு மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங். பேரிங் வழக்கமாக 'ம்ம்ம்' என்று முனகும். அதன் ஓடுபாதையில் குழி விழுந்திருந்தால் டிக் டிக்கும் வரும். டிரம் அல்லது டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகடு வளைந்து உரசுகிறதா என்றும் பாருங்கள். கையாலேயே நிமிர்த்திவிடலாம்.

டிரம்முக்குள்

ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். மாட்டும்போது குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். போனில் படமும் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் எப்படி மாட்டியிருந்தன என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும். டிரம் வர மறுத்தால் அதன் முகத்தில் இரண்டு மரைத் துளைகள் இருக்கிறதா பாருங்கள். அதில் பொருத்தமான போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் டிரம் தானே தள்ளிக்கொண்டு வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்று அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) கல்நார் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

இப்போது, உடைந்த ஸ்பிரிங், பெயர்ந்து வரும் லைனிங், கழன்று கிடக்கும் கிளிப் ஆகியவற்றைத் தேடுங்கள். அதிகம் பேர் பார்க்காமல் விடுவது ஷூவின் விளிம்பு உரசும் பின் தகட்டின் மேடுகளை. அங்கே பள்ளம் விழுந்தால் ஷூ அதில் சிக்கி, விடுபடும்போது 'டக்' என்னும். பள்ளத்தை வழவழப்பாகத் தேய்த்து, அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை அந்த மேடுகளில் மட்டும் மெல்லிய படலமாக வையுங்கள். லைனிங்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது. இன்னொரு விசித்திரமும் உண்டு. டிரம்மை லேத்தில் கடைந்த கோடுகள் கரடாக இருந்தால், ஷூ மரை போன்ற அந்தக் கோடுகளில் ஏறிப்போய்த் திரும்பத் துள்ளி விழும். டிரம்மைக் கடைந்த பிறகு சத்தம் வந்தது என்றால் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

டிஸ்க் பிரேக் என்றால் வேலை எளிது. பேட்டைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் தளர்ந்தால் அது முன்னும் பின்னும் நகர்ந்து தட்டும். கிளிப்பை மாற்றினால் போதும்.

ஷாஃப்ட் உள்ள வண்டிகளுக்கு

சிவி ஜாயிண்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயிண்ட்டின் கப்பைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி தெரிந்தால் அதன் ஊசி பேரிங்குகள் காய்ந்துவிட்டன. கிளம்பும்போது மட்டும் ஒரு 'டக்' வந்தால், ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) முகமும் ஷாஃப்ட்டின் தோளும் ஒட்டி வழுக்குகின்றன என்று பெரும்பாலும் அர்த்தம். ஷாஃப்ட் முனையில் இருக்கும் நட்டைக் கழற்றி, இரண்டையும் சுத்தம் செய்து, மாலிப்டினம் பேஸ்ட் தடவி, புது நட்டைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு மாட்டினால் அடங்கும். டிஃபரன்ஷியல் எண்ணெயில் உலோகச் சில்லுகள் வந்தாலோ, அழுத்தி ஏற்றும் வகை பேரிங்காக இருந்தாலோ வேலையை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள். அதற்கான பிரஸ்ஸும் அளவுக் கருவிகளும் வீட்டில் இருக்காது.

எல்லாம் மாட்டியதும், நகர்த்தும் முன் பிரேக் பெடலை நான்கைந்து முறை மிதித்து அது கெட்டியாகிறதா என்று பாருங்கள். பிறகு அதே சுவர், அதே 10 கிலோமீட்டர் வேகம், அதே 10 விநாடி. டிக் எதுவும் கேட்கவில்லை என்றாலும் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்ச்சால் பார்த்துவிடுங்கள்.